மேயர் தேர்தலில் மதமும் இனமும் கட்சியும்: ஓர் எளிய அறிமுகம்

1979-ஆம் ஆண்டு சிகாகோ மேயர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் வாங்கிய வாக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு. அடுத்த தேர்தல் 1983-இல் நடந்தது. அதே நகரம், பெரும்பாலும் அதே வாக்காளர்கள், அதே கட்சி. ஆனால் இம்முறை அக்கட்சியின் வேட்பாளர் 48 விழுக்காடு வாங்கினார். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் சிகாகோ மக்கள் குடியரசுக் கட்சியின் கொள்கைகளில் மயங்கிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்த் தரப்பில், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக, ஹெரால்ட் வாஷிங்டன் என்ற கறுப்பினத்தவர் நின்றார். மாறியது அவ்வளவுதான்.

மேயர் தேர்தலில் மதமும் இனமும் கட்சிப் பற்றும் எப்படி ஒன்றையொன்று இழுக்கின்றன, எந்த நேரத்தில் எது மேலே வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆகவே இக்கட்டுரை சிகாகோவில் தொடங்கி, வேறு மூன்று நகரங்களைத் தொட்டுவிட்டு, மறுபடி சிகாகோவுக்கே வரும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'இனம்' என்ற ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. தோலின் நிறத்தை வைத்துச் சமூகம் வகுத்த பிரிவும் இனம்தான். அயர்லாந்துக்காரர், போலந்துக்காரர், இத்தாலியர் என்று பூர்விகத்தை வைத்துச் சொல்வதும் இனம்தான். அமெரிக்க நகர அரசியலில் இவை இரண்டும் வேறு வேறு. ஐரிஷ்காரரும் போலந்துக்காரரும் ஒரு வார்டில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொண்டிருப்பார்கள். கறுப்பர் ஒருவர் மேயராகலாம் என்ற நிலை வந்ததும் அதே இரு தரப்பும் 'வெள்ளையர்' என்ற ஒற்றைப் பெயரின் கீழ் வந்து நிற்பார்கள். அடையாளம் என்பது ஆளுக்கு ஒன்றாகப் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்ட முத்திரையாக இருந்தாலும், எந்த முத்திரையைப் பார்த்து வாக்களிப்பது என்பதைப் போட்டியிடுபவர்களின் பட்டியல்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

நாடாளுமன்றத் தேர்தலைவிட மேயர் தேர்தலில் இந்த அடையாளங்கள் கூர்மையாக வெளிப்படுவதற்குக் காரணம் உண்டு. மேயரின் கையில் இருப்பவை போர், நாணயம், வெளியுறவு போன்ற தொலைவான விஷயங்கள் அல்ல. எந்தத் தெருவில் குப்பை முதலில் அள்ளப்படும், எந்தப் பகுதிக்கு எப்படிப்பட்ட காவல்துறை அதிகாரி வருவார், நகராட்சி வேலை யாருக்குக் கிடைக்கும், அரசுக் குடியிருப்புகள் எந்த வட்டாரத்தில் கட்டப்படும் என்பவைதான். பெருநகரங்களில் மக்கள் இனவாரியாக, மதவாரியாகப் பகுதி பிரிந்து வாழ்வது வழக்கமாதலால், தெரு பற்றிய கேள்வி தானாகவே சமூகம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. 'நம் ஆள்' மேயரானால் நம் தெருவுக்கு நல்லது என்ற கணக்கு வெறும் உணர்ச்சிவேகம் என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. பல நகரங்களில் அது நூறாண்டு அனுபவத்தில் விளைந்த கணக்கு.

கட்சிப் பற்று என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய கணக்கின் எச்சம்தான். 1931-இல் சிகாகோவில் மேயராக இருந்தவர் வில்லியம் ஹேல் தாம்சன், குடியரசுக் கட்சிக்காரர். அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஆன்டன் செர்மாக், செக் நாட்டிலிருந்து குழந்தையாகக் குடியேறியவர். தாம்சன் அவருடைய பெயரையும் பிறப்பையும் மேடைதோறும் கேலி செய்தார். 'மேஃபிளவர் கப்பலில் என்னால் வர முடியவில்லை. முடிந்த அளவு சீக்கிரம் வந்து சேர்ந்தேன்' என்று செர்மாக் பதில் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். மேஃபிளவர் என்பது அமெரிக்காவின் தொடக்ககால ஆங்கிலேயக் குடியேறிகள் வந்த கப்பல். கேலிக்கு ஆளானது ஒருவர் என்றாலும், அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் செக், போலந்து, யூத, லித்துவேனியக் குடும்பங்கள். செர்மாக் அவர்களையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து வென்றார். தாம்சனுக்குப் பிறகு இன்றுவரை சிகாகோவில் குடியரசுக் கட்சி மேயர் யாரும் வரவில்லை.

அன்று சிகாகோவின் கறுப்பின வாக்காளர்கள் பெருமளவில் குடியரசுக் கட்சியில் இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி அது. 1930-களின் பொருளாதாரப் பெருவீழ்ச்சியும், அதன்பின் ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த நிவாரணத் திட்டங்களும், நகராட்சி வேலைகளைக் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சியின் செல்வாக்கும் சேர்ந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவர்களை அடுத்த கட்சிக்கு நகர்த்தின. கறுப்பின அரசியல்வாதியான வில்லியம் டாசன் 1939-இல் கட்சி மாறியது இந்த நகர்வின் அடையாளம். ஆக, அசைக்க முடியாததாகத் தோன்றும் கட்சி விசுவாசம் ஒரு தலைமுறைக்குள் இடம் மாறிவிடக் கூடியது. இடம் மாறிய பிறகு, பழைய விசுவாசத்தைப் போலவே அதுவும் பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது.

இந்த விசுவாசத்தை நாள்தோறும் நீர் ஊற்றி வளர்த்தவர் வாக்குச்சாவடிப் பொறுப்பாளர். அவருக்குச் சில நூறு வீடுகள் ஒப்படைக்கப்பட்டிருக்கும். யார் வீட்டில் சாவு, யாருக்கு வேலையில்லை, யாருடைய நடைபாதை உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்கே நகராட்சியில் சிபாரிசு வேலை ஒன்று இருக்கும். தன் சாவடியில் வாக்கு குறைந்தால் அந்த வேலைக்கு ஆபத்து. கத்தோலிக்கப் பகுதிகளில் பங்குக் கோயிலின் எல்லையும் அவருடைய உலகின் எல்லையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. மதம், இனம், கட்சி மூன்றும் ஒரே தெருவில், ஒரே ஆளின் கையில் கூடியிருந்தபோது, யார் எதற்காக வாக்களிக்கிறார் என்று பிரித்துப் பார்க்கும் தேவையே எழவில்லை. 1955 முதல் 1976-இல் இறக்கும் வரை மேயராக இருந்த ரிச்சர்ட் ஜே. டேலி இந்த அமைப்பின் உச்சம்.

அமைப்பில் விரிசல் விழுந்தது ஒரு பனிப்புயலால். 1979 ஜனவரியில் பெய்த பனியை அகற்ற முடியாமல் நகராட்சி திணறியது. ரயில்களை வேகமாக ஓட்டுவதற்காகக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்கள் சிலவற்றில் வண்டி நிற்காமல் கடந்து போனது. உறைபனியில் நடைமேடையில் நின்றவர்கள், நிற்காமல் போகும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி எல்லார் தலையிலும்தான் விழுந்தது. ஆனால் அதன் சுமையைப் பகிர்ந்துகொடுத்த விதத்தில் இனம் இருந்தது. சில வாரங்களில், ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த உட்கட்சித் தேர்தலில், டேலிக்குப் பின் மேயரான பிலாண்டிக்கை ஜேன் பைர்ன் தோற்கடித்தார். கறுப்பின வாக்குகள் அதில் பெரும்பங்கு வகித்தன. வென்ற பிறகு பைர்ன், கல்வி வாரியத்திலும் வீட்டுவசதி வாரியத்திலும் கறுப்பின உறுப்பினர்களை நீக்கிவிட்டு வெள்ளையர்களை அமர்த்தினார். நம்பி வாக்களித்தவர்கள் ஏமாந்தோம் என்று உணர்ந்த அந்த இடத்தில்தான் 1983 தொடங்குகிறது.

1977-இல் நடந்த இடைத்தேர்தலின் உட்கட்சிப் போட்டியில் ஹெரால்ட் வாஷிங்டன் நின்று சுமார் 11 விழுக்காடு மட்டுமே வாங்கியிருந்தார். ஆறே ஆண்டுகளில் அவர் வென்றதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். பைர்ன் மீதிருந்த கோபம் முதலாவது. தேவாலயங்களும் சமூக அமைப்புகளும் முன்னின்று நடத்திய இயக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய கறுப்பின வாக்காளர்கள் பட்டியலில் சேர்ந்தது இரண்டாவது. மூன்றாவது வெறும் எண்கணிதம்: வெள்ளையர் வாக்கைப் பங்கிட இருவர் நின்றார்கள். ஒருவர் பதவியிலிருந்த பைர்ன், மற்றவர் பழைய மேயரின் மகன் ரிச்சர்ட் எம். டேலி. தேர்தலுக்கு முந்தைய நாள்களில், டேலிக்குப் போடும் வாக்கு வாஷிங்டனுக்குப் போடும் வாக்கு, இது இப்போது இனப் பிரச்சினை என்று கட்சித் தலைவர் எட்வர்ட் வர்டோல்யாக் தொண்டர்களிடம் பேசியது செய்தித்தாள்களில் வெளியானது. பிப்ரவரி 22 அன்று முடிவு: வாஷிங்டன் 36 விழுக்காடு, பைர்ன் 34, டேலி 30.

வழக்கமாக அந்த நகரத்தில் உட்கட்சித் தேர்தலில் வென்றவர் மேயர் ஆகிவிட்டார் என்றே பொருள். பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. இம்முறை அப்படி நடக்கவில்லை. குடியரசுக் கட்சி வேட்பாளர் பெர்னார்ட் எப்டன் யூதர், மிதவாதி, அதுவரை பலர் பெயரே கேள்விப்படாத முன்னாள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அவருடைய விளம்பரம், காலம் கடந்துபோவதற்குள் எப்டனைத் தேர்ந்தெடுங்கள் என்று முடிந்தது. எதற்குக் காலம் கடக்கும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பரம்பரை பரம்பரையாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்குச் சேகரித்த வார்டுத் தலைவர்கள் சிலர் வெளிப்படையாகவும், பலர் மறைவாகவும் எப்டனுக்கு வேலை செய்தார்கள்.

மார்ச் 27, குருத்து ஞாயிறு. வாஷிங்டன், முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் வால்டர் மாண்டேலுடன் நகரின் வடமேற்கிலுள்ள புனித பாஸ்கல் தேவாலயத்துக்குத் திருப்பலியில் கலந்துகொள்ள வந்தார். வாசலில் எப்டன் ஆதரவாளர் கூட்டம் கூச்சலிட்டு மறித்தது. தேவாலயக் கதவில், கறுப்பர் சாக வேண்டும் என்ற பொருளில் ஒரு வசை புதிதாக எழுதப்பட்டிருந்தது. இரைச்சல் உள்ளே வரை கேட்டதால் இருவரும் பாதியில் வெளியேறினார்கள். கூச்சலிட்டவர்களில் பலர் கத்தோலிக்கர்கள், ஜனநாயகக் கட்சியினர். அவர்கள் ஆதரித்தவரோ யூதர், எதிர்க்கட்சிக்காரர். மதமும் கட்சியும் ஒரு பக்கம் இழுக்க, இனம் மறுபக்கம் இழுத்த தருணம் அது. அந்த வாசலில் எது வென்றது என்று கேட்கவே வேண்டியதில்லை.

ஆனால் நகரம் முழுவதிலும் முடிவு வேறாக இருந்தது. ஏப்ரல் 12 அன்று பதிவான வாக்காளர்களில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். வாஷிங்டன் சுமார் 48,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். கறுப்பின வாக்காளர் அநேகமாக ஒருமித்து அவர் பக்கம் நின்றார்கள். ஆனாலும் அன்று நகர மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடுதான். மீதித் தூரத்தைக் கடக்க உதவியவர்கள் லத்தீன் அமெரிக்கப் பூர்விகம் கொண்டவர்களும், ஏரிக்கரையோர வார்டுகளிலிருந்த தாராளவாத வெள்ளையர்களும். தன் சமூகம் முழுவதும் கூடி வந்தாலும் பெருநகரத்தில் ஒருவரை அது வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே அழைத்துச் செல்வது இரண்டாவது, மூன்றாவது சமூகம். வாக்கு வங்கி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற சொல் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

லாஸ் ஏஞ்சலஸ் அனுபவம் இதைத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறது. அங்கே மேயர் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கு இரண்டாம் சுற்று. 1969-இல் முன்னாள் காவல்துறை அதிகாரியான டாம் பிராட்லி முதல் சுற்றில் 42 விழுக்காடும், பதவியிலிருந்த சாம் யார்ட்டி 26 விழுக்காடும் பெற்றார்கள். இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். இரண்டாம் சுற்றுக்குள் யார்ட்டி, கறுப்பினத்தவரான பிராட்லி வந்தால் காவல்துறை சீர்குலையும், தீவிரவாதிகள் கை ஓங்கும் என்று பயமுறுத்தி வென்றார். கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரம் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நகரம் அது. 1973-இல் அதே இருவர் மீண்டும் மோத, இம்முறை பிராட்லி வென்று இருபது ஆண்டுகள் மேயராக இருந்தார். கறுப்பினத்தவர் நகரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மேற்குப் பகுதியின் யூத வாக்காளர்களுடன் அமைத்த கூட்டணிதான் அவரைத் தாங்கியது. சிகாகோவில் மூவர் மோதி, அதிக வாக்கு பெற்றவர் வென்றார். லாஸ் ஏஞ்சலஸில் முந்தியவரும் இரண்டாம் சுற்றில் தோற்கலாம். சிறுபான்மைச் சமூக வேட்பாளரின் தலையெழுத்தை எண்ணும் முறை எவ்வளவு மாற்றுகிறது என்பதை இந்த இரு நகரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

மதம் முன்னுக்கு வந்த தேர்தலுக்கு லண்டன் 2016. தொழிற் கட்சியின் சாதிக் கான் முஸ்லிம், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பேருந்து ஓட்டுநரின் மகன். எதிரே கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜாக் கோல்ட்ஸ்மித். கானைத் தீவிரவாதிகளோடு மேடையைப் பகிர்ந்தவர் என்று மீண்டும் மீண்டும் சொன்ன பிரச்சாரம் பலராலும் கண்டிக்கப்பட்டது. வாக்குப்பதிவு முடிந்ததும் லண்டன் சட்டசபையில் அக்கட்சியின் முன்னாள் குழுத் தலைவர் ஆண்ட்ரூ பாஃப் அதை வெளிப்படையாகக் குறை கூறினார். தமிழ் வாசகர்களுக்கு அதில் சுவையான ஒரு துணுக்கு உண்டு. இந்து, சீக்கிய, தமிழ் வாக்காளர்களைக் குறிவைத்துத் தனித்தனித் துண்டறிக்கைகள் அனுப்பப்பட்டன; தொழிற் கட்சியால் குடும்ப நகைகளுக்கு வரி வரக்கூடும் என்ற அச்சம் அவற்றில் விதைக்கப்பட்டது. நகை என்றால் நம்மவர்கள் பதறுவார்கள் என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார். 2011 கணக்கெடுப்பின்படி லண்டனில் முஸ்லிம்கள் எட்டில் ஒரு பங்கு. அன்று வாக்காளர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என இருவரைக் குறிக்கலாம். முதல் விருப்பத்தில் 44 விழுக்காடும், இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்து 57 விழுக்காடும் பெற்ற கான் அந்த எட்டில் ஒரு பங்கை நம்பி வென்றிருக்க முடியாது. லண்டன் ஏற்கெனவே தொழிற் கட்சி பக்கம் சாய்ந்திருந்த நகரம். அங்கே கட்சிப் பற்று, மதத்தை வைத்துக் கிளப்பிய சந்தேகத்தைவிடப் பலமாக இருந்தது.

அதே லண்டனுக்குள் தனக்கென ஒரு மேயரைத் தேர்ந்தெடுக்கும் டவர் ஹாம்லெட்ஸ் என்ற வட்டாரம் மதச் செல்வாக்கின் சட்டப்பூர்வ எல்லையைத் தொட்டது. தொழிற் கட்சி கைவிட்டதால் தனித்து நின்று மேயரான லுத்ஃபுர் ரஹ்மான் 2014-இல் மீண்டும் வென்றார். 2015-இல் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாதென்று அறிவித்து, ஐந்தாண்டுக் காலம் அவர் தேர்தலில் நிற்கத் தடையும் விதித்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, 101 இமாம்கள் கையெழுத்திட்டு வங்காளி இதழொன்றில் வெளியான கடிதம். அதை 'முறையற்ற ஆன்மிகச் செல்வாக்கு' என்று நீதிபதி கருதினார். 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் கத்தோலிக்கக் குருமார் வாக்காளரைப் பாவபயம் காட்டி மிரட்டிய வழக்குகளில் உருவான பழைய கோட்பாடு அது. மதத்தலைவர் ஒரு வேட்பாளரை ஆதரிப்பது வேறு, ஆதரிக்காதவரைக் கடவுளின் பெயரால் அச்சுறுத்துவது வேறு என்ற கோடு அதில் வரையப்படுகிறது. கோடு எங்கே விழுகிறது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. தடைக்காலம் முடிந்து 2022-இல் ரஹ்மானையே அப்பகுதி மக்கள் மறுபடி மேயராக்கினார்கள்.

நியூயார்க்கைப் பற்றிச் சுருக்கமாக. ஜனநாயகக் கட்சியினர் பல மடங்கு அதிகமாகப் பதிவு செய்துள்ள அந்நகரில், 1989-இல் முதல் கறுப்பின மேயரான டேவிட் டிங்கின்ஸ், குடியரசுக் கட்சியின் ரூடி ஜூலியானியிடமிருந்து ஐம்பதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் தப்பினார். 1993-இல் அதே ஜூலியானியிடம் ஏறத்தாழ அதே அளவு வித்தியாசத்தில் தோற்றார். 2025-இல் சோரான் மம்தானி, முஸ்லிம், தெற்காசியப் பூர்விகம் கொண்டவர், உட்கட்சித் தேர்தலில் நின்றபோது விதி மாறியிருந்தது: வாக்காளர் ஐந்து பேர்வரை வரிசைப்படுத்தலாம். இந்த முறையைத் தெற்காசியர்களுக்கு அவர் மாம்பழ லஸ்ஸிக் குவளைகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றி இந்தியில் விளக்கிய காணொளி பரவலாகப் பார்க்கப்பட்டது. அவரும் யூதரான பிராட் லாண்டரும், என்னை முதலிலும் அவரை இரண்டாவதாகவும் குறியுங்கள் என்று ஒருவரையொருவர் பரிந்துரைத்தார்கள். ஒரே ஒரு பெயரைக் குறிக்கும் தேர்தலில் அப்படிச் சொல்வது தற்கொலை. வரிசைப்படுத்தும் தேர்தலில் அது கெட்டிக்காரத்தனம். உட்கட்சியில் தோற்ற முன்னாள் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ சுயேச்சையாக நின்று நவம்பரில் சுமார் 41 விழுக்காடு பெற்றார், குடியரசுக் கட்சி வேட்பாளருக்குக் கிடைத்ததோ 7 விழுக்காடுதான். மம்தானி பாதியைச் சற்றே தாண்டி வென்றார்.

சிகாகோவுக்குத் திரும்புவோம். 1983-க்குப் பிறகு வாஷிங்டனை நகர மன்றத்தின் 50 பேரில் 29 பேர் ஒன்றாகச் சேர்ந்து மூன்றாண்டுகள் முடக்கினார்கள். வார்டு எல்லைகளை நீதிமன்ற ஆணைப்படி மாற்றி 1986-இல் சிறப்புத் தேர்தல் நடத்தியதும் அது 25-க்கு 25 ஆனது. 1995-இல் மாநிலச் சட்டம் மேயர் தேர்தலிலிருந்து கட்சியையே எடுத்துவிட்டு, இரண்டாம் சுற்று முறையைக் கொண்டுவந்தது. மூவர் மோதி 36 விழுக்காட்டில் ஒருவர் வேட்பாளராகும் பாதை அதோடு அடைபட்டது. 2019-இல் இரண்டாம் சுற்றுக்கு வந்த இருவருமே கறுப்பினப் பெண்கள். பிரிவினையைக் கிளப்ப எந்த முத்திரையும் மிஞ்சாத அந்தத் தேர்தலில் லோரி லைட்ஃபுட் ஐம்பது வார்டுகளிலும் வென்றார். வாக்களிக்க வந்தவர்களோ மூன்றில் ஒரு பங்கினர்தான்.

2023-இல் லைட்ஃபுட் முதல் சுற்றிலேயே மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். இரண்டாம் சுற்றில் காவலர் சங்கத்தின் ஆதரவு பெற்ற பால் வாலஸ் வெள்ளையர்; ஆசிரியர் சங்கத்தின் ஆதரவு பெற்ற பிராண்டன் ஜான்சன் கறுப்பர், போதகர் ஒருவரின் மகன். இருவரும் தம்மை ஜனநாயகக் கட்சிக்காரர் என்றே சொல்லிக்கொண்டார்கள். வடமேற்கு, தென்மேற்கு வார்டுகள் பெரும்பாலும் வாலஸ் பக்கமும், தெற்கு, மேற்குப் பகுதிகளின் கறுப்பின வார்டுகளும் வடக்கு ஏரிக்கரையின் தாராளவாதிகளும் ஜான்சன் பக்கமும் நின்றன. ஜான்சன் 52 விழுக்காடு பெற்று வென்றார். 1983-இல் வாஷிங்டன் பெற்றதும் அதே 52 விழுக்காடு.